மூவரும் உடன்பட்ட தீர்ப்பு

அத்தியாயம் 6

தன்னைப் பணியிடைநீக்கம் செய்யும் ஆணையை அந்த அம்மாள் தானே தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

உச்ச நீதிமன்றப் பதிவாளரின் அறைக்குள் நுழைந்ததும் துப்பறிவாளர் கண்ணில் பட்ட முதல் காட்சி அதுதான். ஜன்னலோரத்தில் ஒரு மேசை, அதன்மேல் கனத்த இரும்புத் தட்டச்சு இயந்திரம், அதன் பின்னால் ஐம்பத்தேழு வயதுப் பெண்மணி. காகிதத்தை உருட்டி மேலேற்றி, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தார்.

"ஐயா, மூணாவது வரியில 'மேற்படி ஊழியர்'னு ரெண்டு தடவை வருது. ஒண்ணை எடுத்துடட்டுமா?"

"எடுத்துடுங்கம்மா," என்றார் பதிவாளர். "அமலுக்கு வரும் நேரம் பிற்பகல் மூணுன்னு போட்டுட்டீங்களா?"

"அப்பவே போட்டாச்சு."

துப்பறிவாளர் பேசாமல் நின்றார். பேசாமல் நிற்பதுதான் அவர் தொழிலில் பாதி. மீதிப் பாதியைப் பேசித் தீர்க்க அவருடைய மனைவியின் தங்கை இருந்தாள். ஐந்து வருடம் வீடுவீடாகப் போய் இன்ஷூரன்ஸ் விற்றவள். அக்காளின் சிபாரிசில் அத்தானுக்கு உதவியாளராகச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது.

"வேற தட்டச்சர் கிடைக்கலையா சார்?" என்றாள் மச்சினி. "தூக்குல போடப்போற ஆளையே கயிறு திரிக்கச் சொன்ன மாதிரி இருக்கு."

"இந்த நீதிமன்றத்துக்கு ரகசியத் தட்டச்சர் ஒருத்தர்தான். அவங்க இயந்திரத்துல அடிக்காத எந்த ஆணையும், எந்தத் தீர்ப்பும் இங்க செல்லாது. விதி அப்படி."

பதிவாளர் கதவைச் சாத்திவிட்டு விஷயத்துக்கு வந்தார். அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணனுக்குக் கீழ் வீடு, தம்பிக்கு மாடி வீடு. மாடிப்படி நிற்பது அண்ணன் பக்கத்து மண்ணில். படி யாருக்குச் சொந்தம் என்பதுதான் வழக்கு. பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. தீர்ப்பு வரும்வரை தம்பி தன் வீட்டுக்கு ஏணி வைத்து ஏறிக்கொள்ளலாம் என்று இடைக்கால உத்தரவு.

"தம்பிக்கு இப்ப வயசென்ன?" என்றாள் மச்சினி.

"எழுபத்தொண்ணு."

"சீக்கிரம் தீர்ப்பைச் சொல்லிடுங்க சார். மழைக்காலம் வேற வருது."

"அதுதான் இன்னைக்கு ரெண்டு மணிக்குச் சொல்லணும். மூணு பேர் அமர்வு. மூத்தவர் இன்னைக்கு ஓய்வு பெறுறார். இன்னைக்கு வாசிக்கலைன்னா வழக்கு மறுபடி முதல்லேர்ந்து." பதிவாளர் மேசை இழுப்பிலிருந்து ஒரு நீல உறையை எடுத்தார். அரக்கு முத்திரை உடைந்திருந்தது. "காலையில ஒன்பது மணிக்கு விதிப்படி நான் உறையைத் திறந்து சரிபார்க்கணும். திறந்தேன். தீர்ப்பு இல்லை."

உறைக்குள் மூன்று தாள்கள் மட்டும் இருந்தன. மூன்றிலும் ஒரே வாசகம்: 'கற்றறிந்த சக நீதிபதி எழுதிய தீர்ப்பை முழுமையாக வாசித்தேன். உடன்படுகிறேன்.' கீழே மூன்று வெவ்வேறு கையெழுத்துகள்.

"மூணு நீதிபதி, மூணு உடன்பாடு," என்றாள் மச்சினி. "அப்போ எழுதினவர் யாரு? நாலாவதா ஒருத்தர் ஜன்னல் வழியா வந்தாரா?"

பதிவாளர் புண்பட்டவர்போலப் பார்த்தார். "எழுதினவரும் ஒரு உடன்பாட்டுத் தாள் வைக்கணும். இல்லைன்னா எழுதினவர் யாருன்னு தெரிஞ்சுடும். தீர்ப்பு வாசிக்கப்படுற வரைக்கும் அது ரகசியம். நான் கேட்கக்கூடாது, வக்கீல்கள் கேட்கக்கூடாது, நீதிபதிகள் தங்களுக்குள்ளயும் கேட்டுக்கக்கூடாது. சிபாரிசு, அழுத்தம் எதுவும் வந்துடக்கூடாது பாருங்க."

"தான் எழுதினதோட தானே உடன்படணும். உடன்படாதவங்க யாராவது இருந்திருக்காங்களா?"

"ஒருத்தர் இருந்தார். தீர்ப்பையும் எழுதி, அதுக்கு மாறுபட்ட தீர்ப்பையும் அவரே எழுதினார். மாறுபட்டதுதான் நல்லா இருந்துச்சுன்னு எல்லாரும் சொல்வாங்க."

துப்பறிவாளர் முதல் முறையாக வாயைத் திறந்தார். "உறை இருந்த பீரோவுக்குச் சாவி?"

பதிவாளர் குரலைத் தாழ்த்தாமலே ஜன்னலோர மேசையைக் காட்டினார். "அவங்ககிட்ட மட்டும்தான்."

இயந்திரம் ஒரு கணம் நின்றது. மறுபடி ஓடத் தொடங்கியது.

"போலீஸைக் கூப்பிட்டா சாயங்காலப் பேப்பர்ல வந்துடும். அதனாலதான் நீங்க. தீர்ப்பு எங்க இருக்குன்னு ரெண்டு மணிக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுங்க. இல்லைன்னா மூணு மணிக்கு அந்த ஆணை அமலுக்கு வரும். ஒரு விஷயம். நீதிபதிகளுக்கு இது எதுவும் இன்னும் தெரியாது. யார் எழுதினதுன்னு மட்டும் அவங்களைக் கேட்டுடாதீங்க."

"வேற என்னதான் கேட்கிறது? உடம்பு சௌக்கியமான்னா?" என்றாள் மச்சினி.

மூத்தவரின் பிரிவுபசார மலருக்குக் கட்டுரை எழுத வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டு மூன்று அறைகளுக்கும் போவதென்று முடிவாயிற்று.

மூத்த நீதிபதியின் அறையில் சுவரே தெரியவில்லை, அலமாரிகள்தான் தெரிந்தன. அவற்றில் பாதி அவர் எழுதிய தீர்ப்புகள். சாக்கடை வழக்கு ஒன்றுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது பக்கம் எழுதியவர். தீர்ப்பு வந்த அன்று வாதி, பிரதிவாதி இரண்டு பேருமே தங்கள் வக்கீலுக்கு மாலை வாங்கி வந்தார்கள்.

"யார் சார் ஜெயிச்சது?" என்றாள் மச்சினி.

"ரெண்டு பேரும் சந்தோஷமா வீட்டுக்குப் போனாங்க. அதைவிட நியாயம் வேற என்ன இருக்கு?" என்றார் அவர், மேசையிலிருந்த தன் பொருள்களை ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கியபடி.

"இன்னைக்கு வாசிக்கப்போற தீர்ப்பைப் பத்தி மலருக்கு ஒரு வரி," என்றார் துப்பறிவாளர்.

"முடிவைச் சொல்ல மாட்டேன். நடையைச் சொல்லலாம். சுருக்கம். மிகையா ஒரு சொல் கிடையாது. இத்தனை வருஷத்துல எனக்கு வராதது அது. படிச்சு முடிச்சப்போ பொறாமையா இருந்துச்சு."

இரண்டாவது நீதிபதி கவிஞர். குடியிருப்பவரை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் தீர்ப்பை வெண்பாவில் எழுதியவர். காலி செய்ய வேண்டியவர் மூன்றாவது அடியில் தளை தட்டுகிறது என்று சீராய்வு மனு போட்டார்.

"மனு நியாயமானது," என்றார் கவிஞர். "திருத்திக் குடுக்க நாலு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் அவர் அந்த வீட்லதான் இருந்தார்."

இன்றைய தீர்ப்பைப் பற்றிக் கேட்டதும் கண்களை மூடிக்கொண்டார். "கடல். நீந்தி மறுகரை சேர எனக்கு மூணு நாள் பிடிச்சுது. விரிவுன்னா அதுதான் விரிவு. மலர்ல 'கடல்'னே போட்டுக்கோங்க."

மூன்றாவது நீதிபதியை அலுவலக ஊழியர்கள் 'ஆமாம்' என்று அழைத்தார்கள். பதினொரு வருடமாகப் பதவியில் இருக்கிறார். இதுவரை ஒரு தீர்ப்பும் எழுதியதில்லை. எல்லா வழக்கிலும் உடன்பட்டவர். அவருடைய தீர்ப்புகளின் தொகுப்பு என்று ஒன்று அவர் மேசையில் இருந்தது. கல்யாணப் பத்திரிகை அளவுதான் இருந்தது, தோல் அட்டை மட்டும் தடிமன்.

துப்பறிவாளர் கேள்வியைக் கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. துப்பறிவாளரும் மறுபடி கேட்கவில்லை. மச்சினி ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தாள். எதிரே இருந்த மௌனம் துப்பறிவாளருக்குப் புதிதல்ல. சொல்ல ஒன்றுமில்லாதவனின் மௌனம் லேசாக இருக்கும். இது கனத்தது. பல வருடமாக உள்ளேயே வைத்துப் பூட்டி, பூட்டியவனே சாவியைத் தேடுகிற மௌனம்.

"குறை சொல்ல எதுவும் இல்லை," என்றார் கடைசியில் அந்த நீதிபதி. சற்றுப் பொறுத்து, "வர்ற வழியில பதிவாளர் அறையைப் பார்த்தேன். அந்தத் தட்டச்சம்மா முகம் சரியில்லை. உடம்புக்கு எதுவும் முடியலையா?" என்றார்.

"கேட்டுப் பார்த்தீங்களா சார்?" என்றாள் மச்சினி.

"யாராவது கேட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்."

படியிறங்கும்போது மச்சினி விரல்விட்டு எண்ணினாள். "ஒருத்தர் சுருக்கம்கிறார். ஒருத்தர் கடல்ங்கிறார். ஒருத்தர் குறையில்லைங்கிறார். மூணு பேரும் ஒரே தீர்ப்பைப் படிச்ச மாதிரியே இல்லையே. மொத்தம் மூணு தீர்ப்பு இருந்திருக்கு அத்தான். திருடன் கட்டைவண்டியோட வந்திருக்கணும்."

"மூணு இல்லை."

"அப்போ ரெண்டா?"

அவர் பதில் சொல்லாமல் நடந்தார்.

"உங்ககூட எங்க அக்கா எப்படித்தான் குடும்பம் நடத்துறாளோ. ஒரு குழம்புக்கு உப்பு போதுமான்னு கேட்டா எத்தனை நாள் கழிச்சு பதில் சொல்வீங்க?"

பதிவாளர் சாப்பிடப் போயிருந்தார். தட்டச்சம்மாள் தன் ஆணையின் நகல்களை ஓரம் ஒட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட உறுதிமொழி ஒன்று தொங்கியது. துப்பறிவாளர் அதன் முன்னால் போய் நின்று, முதலிலிருந்து கடைசி வரை படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். 'நான் தட்டச்சு செய்த எதையும், அதை எவருக்காகச் செய்தேன் என்பதையும், எவர் கேட்டாலும் வெளியிட மாட்டேன்.'

"பதிவாளர் உங்களை எதுவுமே கேட்கலையா?" என்றாள் மச்சினி.

"கேட்க முடியாதும்மா. கேட்டு நான் பதில் சொன்னா உறுதிமொழியை மீறின குத்தம். அதுக்குத் தனியா ஒரு சஸ்பென்ஷன். அதையும் நான்தான் அடிக்கணும்."

"நீங்களாவே சொல்லியிருக்கலாமே."

"இருபத்தெட்டு வருஷமா இங்க இருக்கேன். கேட்காததைச் சொல்றது இங்க அவமதிப்பு." அவர் நகல்களை ஓரமாக வைத்தார். "ஓய்வுக்கு ஏழு மாசம் இருக்கு. பென்ஷன் போனாக்கூட மகன் வீட்ல ஒரு வாய் கஞ்சி கிடைக்கும். ஆனா களவு போனதுக்கு நான் பொறுப்புன்னு ஒரு தாள், அதுவும் என் கையால அடிச்ச தாள், என் கோப்புல கடைசித் தாளா இருக்கும். அதை நெனச்சாத்தான் விரல் தப்பான எழுத்துல விழுது."

துப்பறிவாளர் சுவரிலிருந்து திரும்பினார்.

"அம்மா, நீங்க தட்டச்சு செஞ்சதை நான் கேட்கலை. மாடிப்படி வழக்குல நீங்க தட்டச்சு செய்யாதது என்ன?"

தட்டச்சம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். உறுதிமொழியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதில் இந்தக் கேள்விக்குத் தடை எதுவும் இல்லை என்பது அவருக்கு மனப்பாடமாகத் தெரியும்.

"ஒண்ணே ஒண்ணுதான் சார்," என்றார். "தீர்ப்பு."

மச்சினி உட்கார இடம் தேடினாள். "உங்க இயந்திரத்துல அடிக்காதது இங்க செல்லாது. நீங்க தீர்ப்பே அடிக்கலை. அப்போ…"

"யாரும் எழுதலை," என்றார் துப்பறிவாளர். "மூத்தவர், கவிஞர் எழுதினதா நெனச்சு சுருக்கத்தைப் பாராட்டினார். கவிஞர், மூத்தவர் எழுதினதா நெனச்சு கடலைப் பாராட்டினார். மூணாமவர் ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர்னு நெனச்சு, குறையில்லைன்னார். ஒருத்தரை ஒருத்தர் கேட்கக்கூடாது. அதனால எல்லாரும் பாராட்டிட்டாங்க."

"மூணு நாள் நீந்தினேன்னாரே அத்தான் அந்த மனுஷன். எந்தத் தண்ணியில?"

பதிவாளர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கைத்துண்டு அப்படியே நின்றது. 

"இருக்க முடியாது. எழுபது வருஷமா யாராவது ஒருத்தர் எழுதியிருக்காங்க."

"யார் எழுதணும்னு எப்படி முடிவாகும்?" என்றார் துப்பறிவாளர்.

"யாருக்காவது தோணும். அவர் எழுதுவார்." சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர்போல நாற்காலியில் அமர்ந்தார். வெகுநேரம் சுவர்க் கடிகாரத்தையே பார்த்தார். பிறகு எழுந்து நீல உறைக்குப் புது அரக்கு வைக்க ஆரம்பித்தார்.

"என்ன சார் பண்றீங்க?" என்றாள் மச்சினி.

"தீர்ப்பு களவு போச்சுன்னா ஜனங்க பரிதாபப்படுவாங்க. மூணு பேரும் எழுதாத தீர்ப்பைப் படிச்சு ரசிச்சாங்கன்னா ஊர் சிரிக்கும். நாளைக்கு எந்தத் தீர்ப்பை யார் மதிப்பாங்க?" அவர் தட்டச்சம்மாள் பக்கம் திரும்பவில்லை. "அம்மா, உங்களுக்குப் பென்ஷன்ல கை வைக்காம நான் பார்த்துக்கறேன். ஆணையில 'களவு'ங்கிறதை 'கவனக்குறைவு'ன்னு மாத்திக்கலாம்."

"மாத்த வேண்டாம் ஐயா," என்றார் தட்டச்சம்மாள். "களவுன்னே இருக்கட்டும். நான் செய்யாததுல பெருசு எது, சின்னது எதுன்னு நான் எதுக்குப் பேரம் பேசணும்?"

பதிவாளருக்குக் காது சிவந்தது. "உங்க வேலை முடிஞ்சுது சார். கூலி வீட்டுக்கு வந்து சேரும்," என்றார் துப்பறிவாளரிடம்.

மணி ஒன்றே முக்கால். தாழ்வாரத்தில் மச்சினி அவருடைய ஓர் எட்டுக்கு இரண்டு எட்டாக ஓட வேண்டியிருந்தது. துப்பறிவாளர் மூன்றாவது நீதிபதியின் கதவைத் தட்டினார். அவர் கறுப்பு அங்கிக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, தீர்ப்பை யாரும் எழுதலை. ஆனா களவு போச்சுன்னு இன்னும் கால் மணியில சொல்லப்போறாங்க. அந்தம்மா தலையில விழுது."

நீதிபதியின் விரல் பொத்தானிலேயே நின்றது. துப்பறிவாளர் காத்திருந்தார். மணி அடித்தது. கடைசிப் பொத்தானைப் போடாமலே நீதிபதி இருவரையும் தாண்டிப் போனார்.

"கடைசி வரைக்கும் வாயே திறக்கலையே," என்றாள் மச்சினி. "உங்களுக்கு அண்ணன் தம்பி யாராவது காணாம போயிருக்காங்களா அத்தான்?"

நீதிமன்ற அறை நிரம்பியிருந்தது. முன்வரிசையில் நடுவே ஓர் இடம் விட்டு அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்குக் கீழே தன் சிறிய மேசையில் தட்டச்சம்மாள் சுருக்கெழுத்து நோட்டைத் திறந்து வைத்திருந்தார். மூன்று மணி வரை அவர் பணியில் இருப்பவர். துப்பறிவாளர் அந்த மேசைக்குப் பக்கவாட்டில், தூணோரம் போய் உட்கார்ந்தார்.

பதிவாளர் நீல உறையையும் மடித்த சீட்டு ஒன்றையும் மூத்தவரிடம் நீட்டினார். மூத்தவர் உறையைத் திறந்தார், மூன்று தாள்களையும் புரட்டினார், சீட்டைப் படித்தார். முகம் சுருங்கியது.

"இவ்வழக்கின் தீர்ப்பு பாதுகாப்புப் பெட்டகத்திலிருந்து களவு போயுள்ளதாக நீதிமன்றம் வருத்தத்துடன் அறிகிறது," என்று வாசித்தார். "பொறுப்பான ஊழியர் மீது நடவடிக்கை எடுக்கப்படுகிறது."

தட்டச்சம்மாளின் பென்சில் அதையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டது.

"மிக உயர்ந்த தீர்ப்பு. பேரிழப்பு," என்றார் கவிஞர். தலைகள் ஆடின.

"நான் உடன்படவில்லை."

குரல் எங்கிருந்து வந்தது என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. வக்கீல்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூத்தவர் வாயில் காவலரைப் பார்த்தார். மூன்றாவது நீதிபதி தன் முன்னாலிருந்த ஒலிவாங்கியை இழுத்து வைத்துக்கொண்டார். பதினொரு வருடத் தூசு அவர் விரலில் ஒட்டியது.

"களவு போக இங்கே எதுவும் இல்லை. நான் தீர்ப்பு எழுதவில்லை. வேறொருவர் எழுதியிருப்பார் என்று நம்பி, படிக்காததைப் படித்ததாகக் கையெழுத்திட்டேன். மற்ற இருவரும் எழுதினார்களா என்று கேட்க விதி இடம் தரவில்லை." அவர் மூச்சு வாங்கினார். "கேட்கிறேன்."

மூத்தவர் மெதுவாகக் கவிஞர் பக்கம் திரும்பினார். 

"நீங்கதானே?" என்றார், ஒலிவாங்கி இருப்பதை மறந்து.

"நானா? நான் நீங்கன்னுல்ல நெனச்சேன்."

"சுருக்கமா இருந்துச்சேன்னு…"

"படிச்சீங்களா?"

மூத்தவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். முன்வரிசையில் அண்ணனும் தம்பியும் பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் பரவியது. பதிவாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாவது நீதிபதி சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குப் பழகியதுதான். அடங்கியதும் ஒலிவாங்கிக்குக் குனிந்தார்.

"வழக்கு மறுவிசாரணைக்கு அனுப்பப்படுகிறது. அதுவரை மாடிப்படியை இருவரும் பயன்படுத்தலாம். தட்டச்சர் மீது எந்தக் குற்றமும் இல்லை. அவருக்கு எதிரான ஆணை ரத்து செய்யப்படுகிறது."

மூத்தவர் கவிஞரைப் பார்த்தார். கவிஞர் தலையசைத்தார். "எழுதிக்கொள்ளுங்கள்," என்றார் மூத்தவர், கீழே குனிந்து. அவர் வாழ்நாளில் சொன்ன மிகச் சிறிய தீர்ப்பு அதுவாகத்தான் இருக்கும்.

தட்டச்சம்மாள் எழுந்து நின்றார்.

"கனம் நீதிபதி அவர்களே, மன்னிக்கணும். கடைசி ரெண்டு வாக்கியம் சரியா காதுல விழலை. பதிவுக்காக இன்னொரு தடவை சொல்லணும்."

மூன்றாவது நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு வார்த்தையாக, கடைசி பெஞ்சில் இருப்பவருக்கும் கேட்கும்படி, அந்த இரண்டு வாக்கியங்களையும் மறுபடி சொன்னார்.

தூணோரத்திலிருந்து துப்பறிவாளருக்கு அந்த நோட்டுப் புத்தகம் நன்றாகத் தெரிந்தது. இரண்டு வாக்கியங்களும் முன்பே முழுதாக எழுதப்பட்டு, அடியில் கோடும் போட்டிருந்தது. பென்சில் மேசைமேல் கிடந்தது. தட்டச்சம்மாள் கைகளைக் கட்டிக்கொண்டு, வெறுமனே கேட்டுக்கொண்டு நின்றார்.